கண்ணாடியில் பூத்த பூசணம்

லென்ஸை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. சுத்தமாகத்தான் இருந்தது. அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து சற்றுச் சாய்த்து அடித்தேன். முன்கண்ணாடிக்கு உட்புறம், விளிம்பிலிருந்து நடுவை நோக்கி, வெள்ளை நூலிழைகள் கிளை பிரிந்து, கிளையிலிருந்து கிளை பிரிந்து போயிருந்தன. மழை விட்டபின் மணல்மேட்டில் நீர் ஓடிய தடம் போல.

“அப்பா வெச்சிருந்தது அண்ணே. அவர் போனப்புறம் பீரோவிலேயே கெடந்துச்சு. தூக்கிப் போடறதா வெச்சுக்கறதான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க” என்று கொடுத்துவிட்டுப் போயிருந்தார், என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவர்.

மழைக்காலத்தில் ஊறுகாய் ஜாடியின் மேல் பூக்கும், தோல் பெல்ட்டின் மேல் பூக்கும் அதே பூசணம்தான். கடலோர ஊரில், மூடிய பீரோவுக்குள், பத்துப் பதினைந்து ஐப்பசிகளைத் தாண்டிய லென்ஸில் அது இல்லாமலிருந்தால்தான் வியப்பு. கேமராக்காரர்கள் “ஃபங்கஸ் பிடிச்சிருச்சு” என்று ஒரே வார்த்தையில் சொல்லி லென்ஸை ஒதுக்கிவிடுவார்கள். பழைய லென்ஸ்களைப் பிரித்துத் துடைக்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்துவருபவன் என்ற முறையில், அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. லென்ஸுக்குள் தெரியும் மங்கலுக்குக் காரணங்கள் பல. ஒன்று உயிருள்ளது, ஒன்று எண்ணெய், ஒன்று மரப்பிசின், ஒன்று அணுக்கதிரின் வேலை. ஒன்றுக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு நஞ்சாகிவிடும். அதனால் திருப்புளியை எடுக்கும் முன்பு செய்ய வேண்டிய வேலை, டார்ச்சை வைத்துக்கொண்டு பொறுமையாகப் பார்ப்பது.

தம்பி தந்தது ஹீலியோஸ் 44-2. குவியத்தூரம் 58 மில்லிமீட்டர், திறப்பு எஃப் 2. மாஸ்கோவுக்கு அருகே க்ராஸ்னகோர்ஸ்க் நகரத்து ஆலையில் செய்தது. பட்டகத்தைத் துளைத்துச் செல்லும் ஒளிக்கதிர்தான் அந்த ஆலையின் முத்திரை. வரிசை எண் 77 என்று தொடங்கியது. அந்த ஆலை லென்ஸ்களில் முதல் இரண்டு இலக்கங்கள் பெரும்பாலும் ஆண்டைக் குறிக்கும் என்பதால், 1977 என்று கொள்ளலாம். ஸெனிட் கேமராக்களோடு லட்சக்கணக்கில் வெளிவந்த லென்ஸ் இது. வரலாற்றில் பின்னோக்கிப் போனால் ஜெர்மனிக்குப் போய்ச் சேருவோம். ஜெனா நகரத்து கார்ல் ஸைஸ் நிறுவனத்தின் பயோட்டார் 58 மி.மீ. லென்ஸ்தான் இதன் மூலம். பயோட்டார் வரிசையை 1927-இல் வடிவமைத்தவர் வில்லி மெர்ட்டே. போருக்குப் பிறகு ஸைஸின் கருவிகளும் நிபுணர்களும் சோவியத் நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டபோது, வடிவமும் கூடவே போனது.

அதற்கும் முன்னே போனால் கணித மேதை கௌஸ் வருகிறார். 1817-இல் தொலைநோக்கிக்காக அவர் யோசித்த இரண்டு பிறைவடிவக் கண்ணாடிகளை, 1888-இல் அமெரிக்காவின் ஆல்வன் கிளார்க் இரு ஜோடிகளாக்கி, முதுகோடு முதுகு வைத்தார். 1896-இல் ஸைஸின் பால் ருடால்ஃப் அதை பிளானார் ஆக்கினார். நடுவில் துளை, இருபுறமும் கண்ணாடி அதைப் பார்த்து வளைந்து நிற்கும் அமைப்பு. இன்று கடையில் வாங்கும் 50 மி.மீ. லென்ஸ் பலவற்றிலும் அந்த எலும்புக்கூட்டைப் பார்க்கலாம்.

ஹீலியோஸுக்குள் ஆறு கண்ணாடிகள், நான்கு தொகுதிகளாக. முன்னே ஒற்றைக் கண்ணாடி, அடுத்து இரண்டு ஒட்டிய ஜோடி, நடுவில் திறப்பு இதழ்கள், மறுபடி ஒட்டிய ஜோடி, கடைசியில் ஒற்றை. காற்றைத் தொடும் பரப்புகள் மொத்தம் எட்டு. இந்த எட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றுவதற்கு முன் வெள்ளைத் துண்டு ஒன்றை மேசைமேல் விரிப்பேன். கீழே விழும் திருகு துள்ளி ஓடாது. ஓடினாலும் வெள்ளையில் தெரியும். அடுத்து கைப்பேசியை ஒரு தாங்கியில் நிறுத்தி, ஒவ்வொரு படியையும் படம் எடுத்துக்கொள்வேன். அந்தக் காலத்து லென்ஸ்கள் பெரும்பாலும் திருகும் மரையும் வளையமுமாகவே கட்டப்பட்டவை. பழுதுபார்ப்பவர் ஒருவர் நாளைக்கு இதைத் திறப்பார் என்று தெரிந்தே செய்தது போலிருக்கும். பசையை நம்பாத அந்தக் கட்டுமானத்தின்மேல் எனக்குத் தீராத மரியாதை.

வளையங்களில் எதிரெதிராக இரண்டு வெட்டுகள் இருக்கும். அதில் பொருத்தித் திருப்ப இரட்டைமுனை ஸ்பேனர் வேண்டும். வழுக்கினால் முனை கண்ணாடியின் மேல் கோடு இழுத்துவிடும். இறுகிப்போன வளையத்தைப் பலம் கொண்டு திருப்புவது தவறு. ஆலையில் மரை தளராமலிருக்க அரக்குப்பூச்சு ஒரு சொட்டு விட்டிருப்பார்கள். ஊசிமுனையில் அசிட்டோன் தொட்டு மரையின் ஓரத்தில் வைத்து, கால்மணி நேரம் காத்திருந்தால் இளகும். ஜப்பானிய லென்ஸ் என்றால் இன்னொரு எச்சரிக்கை. அதன் திருகுத் தலையில் இருக்கும் கூட்டல் குறி, நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் பிலிப்ஸ் வகையைப் போலவே தெரியும். ஆனால் வெட்டு வேறு. பிலிப்ஸ் திருப்புளி போட்டால் முழுதாக இறங்காமல் எகிறி, திருகுத் தலையைத் தின்றுவிடும். ஜப்பானியத் தரத்துக்கென்று தனித் திருப்புளி கிடைக்கிறது. அதன் விலையைப் பார்க்காமல் வாங்கிவிடுவது நல்லது.

ஹீலியோஸில் பின்பக்கத்து வளையத்தைக் கழற்றியதும், கண்ணாடித் தொகுதி முழுவதும் ஒரே கட்டையாகக் கையில் வந்தது. அதன் முன்பாதியும் பின்பாதியும் இதழ்களின் இருபுறமும் மரையால் பொருந்தியிருந்தன. முன்னே பெயர் பொறித்த வளையத்தைக் கழற்றி, அதன் உள்ளே இருந்த பிடிவளையத்தையும் கழற்றியபின், முன்கண்ணாடி தனியே வந்து உள்ளங்கையில் உட்கார்ந்தது. எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று உடனே குறித்துவைக்க வேண்டும். ஹீலியோஸின் முன்கண்ணாடியை வேண்டுமென்றே தலைகீழாக மாட்டி, ஓரமெல்லாம் கலங்கிய கனவு போன்ற படம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். கைதவறி அப்படி மாட்டிவிட்டு, லென்ஸ் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டவர்களும் இருக்கிறார்கள்.

இப்போது துடைக்கலாமா? இன்னும் இல்லை. எதைத் துடைக்கப்போகிறோம் என்று தெரிந்தாக வேண்டும்.

உள்ளங்கையில் இருந்த கண்ணாடியைச் சாய்த்தால் ஊதா கலந்த நீலம் மின்னியது. அது ஒரு மெல்லிய பூச்சு. வெறும் கண்ணாடியில் பட்ட ஒளியில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு திரும்பிவிடும். ஒரு பரப்பு என்றால் பொருட்டில்லை. எட்டுப் பரப்புகள் என்றால், பரப்புக்கு நான்கு என்று வைத்தாலும் கடைசியில் 72 பங்குதான் ஃபிலிமைப் போய்ச் சேரும். திரும்பிய 28 பங்கும் சும்மா இருக்காது. உள்ளுக்குள்ளேயே மோதி மோதி, படத்தின் கறுப்பைச் சாம்பலாக்கிவிடும். பூச்சு அதைத்தான் தடுக்கிறது. பெரும்பாலும் மெக்னீசியம் ஃபுளோரைடு. கனம் பச்சை ஒளியின் அலைநீளத்தில் கால்பங்கு, அதாவது பூச்சுக்குள் அளந்தால் சுமார் 100 நானோமீட்டர். பூச்சின் மேற்பரப்பில் திரும்பும் அலையும், அடியில் கண்ணாடியைத் தொட்டுத் திரும்பும் அலையும் அரை அலைநீளம் முன்பின்னாக வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அழிந்தது திரும்பும் ஒளி மட்டும். அந்த ஆற்றல் கண்ணாடிக்குள் போய்விடுகிறது. பச்சைக்கு அளவெடுத்துப் பூசியதால் சிவப்பும் நீலமும் கொஞ்சம் திரும்புகின்றன. நாம் பார்க்கும் ஊதா அதுதான். இந்தப் பூச்சோடு அதே எட்டுப் பரப்புகளைத் தாண்டி ஏறத்தாழ 89 பங்கு போய்ச் சேரும்.

நூறு நானோமீட்டர் என்றால், நோட்டுப் புத்தகத் தாளின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சட்டை நுனியால் நாம் தேய்ப்பது இதன்மேல்தான்.

இந்தப் பூச்சு பிறந்த கதையை எத்தனை முறை நினைத்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் குக் அண்ட் சன்ஸ் என்ற தொலைநோக்கி நிறுவனத்தில் டென்னிஸ் டெய்லர் என்று ஒரு வடிவமைப்பாளர் இருந்தார். மூன்றே கண்ணாடியில் நல்ல படம் விழவைத்த குக் டிரிப்லெட் லென்ஸை 1893-இல் வடிவமைத்தவர் அவர். காலத்தால் நிறம் மங்கிக் கறைபிடித்த பழைய லென்ஸ்களை எல்லோரும் கழிவு என்று நினைத்தார்கள். அப்படிப்பட்ட லென்ஸ், புதுக் கண்ணாடியைவிட அதிக ஒளியை உள்ளே விடுகிறது என்பதை 1890-களில் டெய்லர் கவனித்தார். கறைபிடித்த கண்ணாடி குறைவாகப் பிரதிபலிப்பதை ராலே பிரபு 1886-இலேயே பார்த்திருந்தார். காற்றின் ஈரமும் அமிலமும் கண்ணாடியின் மேற்பரப்பிலிருந்து சில உலோக ஆக்சைடுகளைக் கரைத்தெடுத்து, ஒளிவிலகல் எண் குறைந்த மெல்லிய தோல் ஒன்றை விட்டுவைத்திருந்தன. இயற்கையே போட்ட பூச்சு. அதைச் செயற்கையாக, அமிலம் வைத்து உண்டாக்க டெய்லர் 1904-இல் காப்புரிமை பெற்றார். ஆனால் ஒவ்வொரு வகைக் கண்ணாடியும் அமிலத்துக்கு ஒவ்வொரு மாதிரி நடந்துகொண்டதால் அந்த முறை நிலைக்கவில்லை. 1935-இல் ஸைஸின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா, வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைக்கும் முறையைக் கண்டார். 1938-இல் அமெரிக்காவில் கேத்தரின் பிளாட்ஜெட் என்ற பெண் விஞ்ஞானி, ஒரு மூலக்கூறு கனமுள்ள சோப்புப் படலங்களை 44 அடுக்காக ஏற்றி, பிரதிபலிக்காத கண்ணாடியைச் செய்து காட்டினார்.

தொடக்ககாலப் பூச்சுகள் துணிபட்டால் போய்விடும் அளவுக்கு மென்மையானவை. கண்ணாடியைச் சூடாக்கி அதன்மேல் படியவைத்தால் பூச்சு கெட்டிப்படும் என்பது பின்னால் வந்த அறிவு. அதனால் 1940-களின் லென்ஸ் கைக்கு வந்தால், தூசியை ஊதிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்வேன்.

பூசணத்தின் வேலையும் அமிலம்தான். ஒளியியலாளர் வைத்த அமிலம் சீராக அரித்ததால் பூச்சு ஆனது. பூஞ்சை வைக்கும் அமிலம் கிளை கிளையாக அரிப்பதால் தழும்பாகிறது.

பூஞ்சை கண்ணாடியைத் தின்பதில்லை. அதற்கு வேண்டிய சாப்பாடு தூசியில் இருக்கிறது. விரல்பட்ட எண்ணெயில் இருக்கிறது. கிரீஸிலும் துணி இழையிலும் இருக்கிறது. அஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் போன்றவற்றின் வித்துகள் நாம் மூச்சிழுக்கும் காற்றெங்கும் மிதக்கின்றன. லென்ஸைப் பொருத்தியபோதே சில உள்ளே போயிருக்கும். ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேலே நாள்கணக்கில் நின்று, காற்று அசையாமல், இருட்டும் சேர்ந்தால் வித்து முளைவிடும். இழை ஓடும் வழியெல்லாம் கரிம அமிலங்களைக் கசியவிடும். அந்த அமிலம்தான் முதலில் பூச்சையும், பிறகு கண்ணாடியையும் அரிக்கிறது. சீக்கிரம் கண்டுகொண்டால் துடைத்ததும் தடமில்லாமல் போகும். தாமதித்தால் பூஞ்சை செத்த பிறகும் அதன் நிழல் கண்ணாடியில் நிற்கும்.

இரண்டாம் உலகப்போரின்போது இது ராணுவப் பிரச்சினையாகவே ஆனது. நியூகினியின் காடுகளுக்குக் கொண்டுபோன இருகண்நோக்கிகளும் தூரமானிகளும், வந்த சில வாரங்களிலேயே உள்ளே பூசணம் பூத்துப் பயனற்றுப்போயின. எதிரியைப் பார்க்க வேண்டிய கண்ணில் பூசணம். மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் தாவரவியலாளர்கள் இதைக் கையில் எடுத்தார்கள். எதெல் மக்லெனன் என்ற பூஞ்சை ஆய்வாளரும் அவர்களில் ஒருவர். மெர்த்தியோலேட் என்ற பாதரசச் சேர்மத்தைக் கருவியின் உட்புறப் பூச்சில் கலந்து வைத்தால் பூஞ்சை வளர்வதில்லை என்று காட்டினார்கள். பாதரசத்தை இன்று யாரும் இதற்குப் பயன்படுத்துவதில்லை, பயன்படுத்தவும் கூடாது. ஆனால் லென்ஸ் பூஞ்சை என்பதை அக்கறையின்மையின் விளைவு என்று ஒதுக்காமல், தட்பவெப்பத்தின் விளைவு என்று முதலில் பொறுப்போடு ஆராய்ந்தவர்களில் அவர்களுக்கு முக்கிய இடம் உண்டு. பூசணம் பிடித்த லென்ஸைக் கொண்டுவருபவர்கள் ஏதோ குற்றம் செய்ததுபோல் கூசி நிற்கும்போதெல்லாம் இதைத்தான் சொல்கிறேன்.

துடைக்கும் முறை எளிமையானது, பொறுமைதான் வேண்டும். முதலில் ரப்பர் பல்பால் ஊத வேண்டும். தூசியில் கலந்திருக்கும் மணல்துகள் குவார்ட்ஸ். கடினத்தன்மை அளவுகோலில் அது 7. கண்ணாடி ஐந்தரையைச் சுற்றி நிற்கிறது. ஊதாமல் துடைத்தால், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். பிறகு, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடும் வீட்டு உபயோக அம்மோனியாவும் சம அளவில் கலந்து, லென்ஸ் தாளில் நனைத்துக் கண்ணாடியின் மேல் சில நிமிடம் போட்டுவைப்பேன். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், கையுறை வேண்டும், பிளீச்சிங் பவுடரோ குளோரின் சேர்ந்த எதுவுமோ பக்கத்தில்கூட இருக்கக் கூடாது. அம்மோனியாவோடு சேர்ந்தால் நச்சுவாயு. இந்தக் கலவை தனியாகக் கழற்றிய கண்ணாடிக்கு மட்டும். உலோகத்திலும் விளிம்பின் கரும்பூச்சிலும் பட்டால் அவற்றைக் கெடுக்கும். பிறகு காய்ச்சி வடித்த நீர், கடைசியாக ஐசோபுரொபைல் ஆல்கஹால். தாளின் எடையே போதும் என்பதுபோல், நடுவிலிருந்து வெளியே சுழன்று ஒரே இழுப்பு. ஒரு மடிப்பு ஒரு முறைக்குத்தான்.

வெள்ளை இழைகள் முதல் தாளிலேயே வந்துவிட்டன. டார்ச் அடித்துப் பார்த்தேன். விளிம்பை ஒட்டிய ஓரிடத்தில், ஒரு மிளகளவு, கிளைத்தடம் மட்டும் நின்றது. மறுபடி ஒருமுறை செய்தேன். அப்படியே நின்றது. அது இனி அழுக்கு இல்லை. கண்ணாடியின் வடிவமே அப்படி ஆகிவிட்டது. அங்கே கையை எடுத்துவிட வேண்டும்.

கையை எடுப்பதுதான் இந்தத் தொழிலில் எனக்குக் கடைசியாக வந்த பாடம். பூஞ்சை கெடுத்த லென்ஸ்களைவிடத் துடைத்தே கெடுக்கப்பட்ட லென்ஸ்களை அதிகம் பார்த்திருக்கிறேன். முன்கண்ணாடி முழுக்கச் சிலந்திவலை போல நுண்கீறல்கள். யாரோ ஒருவர் பல்லாண்டுகள் அன்போடு துடைத்ததன் விளைவு. அவர் துடைத்த தூசி படத்தில் தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 58 மி.மீ. லென்ஸ் எஃப் 2-இல் திறந்திருந்தால் ஒளி நுழையும் வட்டத்தின் விட்டம் 29 மி.மீ., பரப்பு சுமார் 660 சதுர மி.மீ. அரை மில்லிமீட்டர் தூசி ஒன்று மறைப்பது அதில் பத்தாயிரத்தில் மூன்று பங்கு. முன்கண்ணாடி குவியத்திலிருந்து வெகுதூரம் தள்ளி இருப்பதால், அந்தத் தூசிக்கு நிழல்கூட விழாது. நுண்கீறல்கள் அப்படியல்ல. எதிர்வெயிலில் ஒவ்வொன்றும் ஒளியைச் சிதறடித்து, படம் முழுவதும் பால்போல் மூடும். ஆழமான ஒற்றைக் கீறல் விழுந்த லென்ஸில், அந்தக் கீறலுக்குள் கறுப்பு மை நிரப்பிவிடுவது பழைய வைத்தியம். மறைப்பு கூடினாலும் சிதறல் நிற்கும், படம் தெளியும்.

அடுத்து இதழ்கள். ஹீலியோஸ் 44-2-இல் எட்டு எஃகு இதழ்கள். அவற்றின்மேல் எண்ணெய் ஈரமாக மின்னியது. குவிய மரையில் போட்ட கிரீஸ், ஆண்டுகள் போகப் போகத் தன்னிலிருந்து எண்ணெயைப் பிரித்து விடுகிறது. அது ஊர்ந்து இதழ்களுக்கு வருகிறது. தானியங்கித் திறப்புள்ள லென்ஸ் என்றால் இது பெரும் கோளாறு. பொத்தானை அழுத்திய நொடிப்பொழுதில் இதழ்கள் சுருங்கியாக வேண்டும். எண்ணெயின் பரப்பு இழுவிசை அவற்றை ஒட்டிப் பிடித்துக்கொள்ள, தாமதமாகச் சுருங்கி, படம் வெளுத்துவிடும். ஹீலியோஸ் 44-2-இல் இதழ்களை மூடுவது நம் விரல். முன்னே இருக்கும் இரண்டு வளையங்களில் ஒன்று அளவை நிறுத்தும், மற்றொன்று திறந்து மூடும். அதனால் எண்ணெய் இருந்தாலும் ஓடும். இருந்தும் நான் அதை விட்டுவைப்பதில்லை. வெயில் நாளில் அந்த எண்ணெய் ஆவியாகிப் பக்கத்துக் கண்ணாடிகளில் படிந்து, மூச்சுக்காற்று பட்டதுபோல் மங்கலாக்கும். டார்ச்சில் பூஞ்சை கிளையாகத் தெரியும். இந்த மங்கல் சீரான பனிபோலத் தெரியும். இதற்குப் பெராக்சைடு வேண்டாம். கண்ணாடிக்கு ஆல்கஹால் போதும். இதழ்களுக்கு லைட்டரில் ஊற்றும் நாப்தா. இதழ்களைக் கழற்றாமலே நனைத்து, திறந்து மூடி, ஒற்றியெடுத்து, மறுபடி நனைத்து, தாளில் கறை விழாதவரை செய்ய வேண்டும். உலர்ந்த இதழ்களுக்கு எண்ணெய் போடக் கூடாது. உலர்ந்தே ஓடுவதற்காகச் செய்தவை அவை.

எந்தக் கரைப்பானுக்கும் அசையாத ஒரு மங்கல் உண்டு. அதை நான் தெரிந்துகொண்டது என்னிடம் வந்த வேறொரு லென்ஸில். பென்டாக்ஸ் கேமராக்களுக்காக அசாஹி நிறுவனம் செய்த சூப்பர் டாக்குமார், 50 மி.மீ., எஃப் 1.4. உள்ளே பார்த்தால் டிகாக்ஷன் நிறம். ஒட்டுப்பசை பழுத்துவிட்டது என்று நினைத்துப் பின்தொகுதியை இரண்டு நாள் துடைத்தேன். நிறம் இம்மியும் மாறவில்லை. காரணம் பரப்பில் இல்லை, கண்ணாடிக்கு உள்ளே இருந்தது. ஒளியை நன்றாக வளைக்கவும் வேண்டும், நிறங்களைப் பிரித்துச் சிதறவிடாமலும் இருக்க வேண்டும் என்றால், அந்தக் காலத்தில் கண்ணாடியில் தோரியம் ஆக்சைடைச் சேர்ப்பார்கள். தோரியம் கதிரியக்கமுள்ளது. அதன் அரைவாழ்வு 1,400 கோடி ஆண்டு. பிரபஞ்சத்தின் வயதைவிடச் சற்று அதிகம். மெதுவாகச் சிதையும் அந்த அணுக்களின் கதிர்கள் கண்ணாடிக்குள் எலெக்ட்ரான்களைப் பெயர்த்துவிட, அவை அமைப்பின் குறைகளில் சிக்கி நிற்கின்றன. சிக்கிய எலெக்ட்ரான்கள் நீல ஒளியை விழுங்குகின்றன; மிஞ்சுவது மஞ்சள்.

விடுவிக்க வழி வெயில். புற ஊதாக் கதிரின் ஆற்றல் அவற்றை உலுக்கிப் பழைய இடத்துக்கு அனுப்பிவிடும். அலுமினியத் தாளை அடியில் விரித்து, லென்ஸை ஜன்னலில் வைத்தேன். சில வாரங்களில் டிகாக்ஷன் வெளுத்து, வைக்கோல் நிறமாகி, பிறகு கிட்டத்தட்ட நிறமற்றுப்போனது. வெயிலில் வைக்கும் லென்ஸ் சூரியனைக் குவித்துத் திரைச்சீலையைப் பற்றவைத்துவிடும். ஒளி வெளியே போகும் பக்கத்தை அலுமினியத் தாளால் மூடியே வைக்க வேண்டும். இந்த லென்ஸில் படமெடுப்பதால் ஆபத்தில்லை. உடைந்தால் அதன் தூளைக் கையாள்வதிலும், அந்தக் கண்ணாடியைத் தேய்ப்பதிலும்தான் கவனம் வேண்டும். தோரியம் உடலுக்குள் போகக் கூடாது.

மஞ்சளுக்கு இன்னொரு காரணமும் உண்டு: பசை. ஜோடிக் கண்ணாடிகளை ஒட்டப் பயன்பட்டது கனடா பால்சம், வட அமெரிக்கத் தேவதாரு வகை மரம் ஒன்றின் பிசின். அதன் ஒளிவிலகல் எண் கண்ணாடியோடு ஏறத்தாழ ஒத்துப்போவதால், ஒட்டிய இடமே ஒளிக்குத் தெரியாது. கோந்து போன்ற ஒரு மரத்தின் வடிசல் இவ்வளவு துல்லியமான கருவிக்குள் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் ஆச்சரியம்தான். ஆனால் மரப்பிசின் முதுமையடையும். விளிம்பில் விட்டுப்போனால் வானவில் வளையங்கள் தோன்றும். சூடாக்கிப் பிரித்து, புதுப் பசை போட்டு, மையம் பிசகாமல் ஒட்டுபவர்கள் இருக்கிறார்கள். நான் செய்வதில்லை. இரு கண்ணாடிகளும் சூட்டில் வெவ்வேறு அளவில் விரிவதால் பிளந்துபோகக்கூடும். மையம் முடியளவு தவறினாலும் லென்ஸ் போயிற்று. ஒட்டிய ஜோடியை ஆல்கஹாலில் ஊறப்போடுவதையும் நான் தவிர்ப்பது இதற்காகத்தான். நல்லவேளை, தம்பியின் ஹீலியோஸில் இரண்டு ஜோடிகளும் தெளிவாக இருந்தன.

மிஞ்சியது குவிய மரை. வளையத்தைத் திருப்பினால் மணல் அரைபடுவது போன்ற உணர்வு, கிரீஸ் மெழுகாகிவிட்டிருந்தது. இங்கேதான் புதிதாகக் கைவைப்பவர்கள் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இந்த லென்ஸ் முடிவிலியிலிருந்து அரை மீட்டர் வரை குவிய, ஏறத்தாழ 9 மி.மீ. முன்னே வர வேண்டும். சாதாரண ஒரு மில்லிமீட்டர் மரை என்றால் ஒன்பது சுற்று சுற்ற வேண்டியிருக்கும். ஆனால் வளையம் ஒரு சுற்றுக்குள்ளேயே அவ்வளவையும் செய்கிறது. ஒரே மரைக்குப் பதில் பல மரைகளைப் பக்கம் பக்கமாக வெட்டியிருப்பதால்தான் இது முடிகிறது. வசதிக்கு விலை உண்டு: கழற்றிவிட்டுத் திரும்ப நுழைக்கும்போது, நுழைய அத்தனை வாசல்கள். ஒன்றுதான் சரி. மற்ற எதில் நுழைத்தாலும் மரை அழகாக ஓடும், லென்ஸ் மட்டும் தூரத்தைப் பார்க்காது. அதனால் மரை விடுபடும் அந்த நொடியில், இரு உருளைகளிலும் நேர்க்கோடாக ஒரு கீறல் போட்டுவிட வேண்டும். நாப்தாவும் பல்துலக்கும் பிரஷுமாக ஒரு மணிநேரம். பிறகு புதுக் கிரீஸ், பல்குச்சி நுனியளவு. அதிகம் போட்டால் பத்தாண்டு கழித்து இதழ்களுக்கு வந்து சேரும்.

பொருத்தி முடித்தபின் முடிவிலி பார்க்க வேண்டும். பழைய லென்ஸ்களுக்கு இப்போது மறுவாழ்வு கிடைத்திருப்பது, உள்ளே பிரதிபலிக்கும் ஆடி இல்லாத ‘மிரர்லெஸ்’ கேமராக்களால். ஹீலியோஸின் எம் 42 மரைக்கு, லென்ஸ் உட்காரும் இடத்திலிருந்து ஃபிலிம்வரை 45.46 மி.மீ. வேண்டும். புதுக் கேமராக்களில் அந்தத் தூரம் அதைவிட மிகக் குறைவு என்பதால், இடைவெளியை நிரப்ப ஒரு வெற்றுக் குழாய் போதும். கூடுதல் கண்ணாடி எதுவும் வேண்டாம். அதில் மாட்டி, மொட்டைமாடியில் நின்று, தொலைவில் கைப்பேசிக் கோபுரத்தின் உச்சியில் எரியும் சிவப்பு விளக்கைப் பார்த்தேன். லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தைவிட 0.1 மி.மீ. முன்னே நின்றுவிட்டாலே, 34 மீட்டருக்கு அப்பால் எதற்கும் கூர்மை கிடைக்காது. விளக்கு ஊசிமுனையாகச் சுருங்கும் இடத்தைப் பிடித்து, குவிய வளையத்தில் முடிவிலிக் குறியை நேர்ப்படுத்தி, சுற்றிலுமுள்ள மூன்று குட்டித் திருகுகளை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன்.

அடுத்த நாள் மாலை தம்பி வந்தார். அங்கேயே நின்று, படியில் உட்கார்ந்திருந்த தன் மகளை எஃப் 2-இல் ஒரு படம் எடுத்தார். பின்னால் தெருவிளக்குகள் வட்டங்களாக விரிந்து, ஓரத்துக்குப் போகப் போகப் பூனைக்கண் வடிவத்தில் சாய்ந்து, முகத்தைச் சுற்றிச் சுழல்வதுபோல் விழுந்திருந்தன. ஹீலியோஸின் கையெழுத்து அது. திரையில் பெரிதாக்கிப் பார்த்தவர், மேல்மூலையில் இருந்த ஒரு வட்டத்தின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். அதற்குள் மிகமெல்லிய கிளைநிழல் ஒன்று தெரிந்தது.

“அது போகாதா அண்ணே?”

“போகாதுப்பா. இனிமே வளரவும் வளராது, காய வெச்சுக் காப்பாத்தினா.”

மூடி இறுக்கமான ஒரு பிளாஸ்டிக் டப்பா, அடியில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல், உள்ளே பதிக்க ஒரு சின்ன ஈரப்பதமானி: மூன்றையும் எடுத்து வைத்திருந்தேன். முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஜெல் நிறம் மாறினால் வறுத்து உலர்த்திவிட்டு மறுபடி போடலாம். அரிசிக்குள் மட்டும் புதைக்காதே, மாவு தூசி பூஞ்சைக்குச் சாப்பாடு என்றேன். வாரத்துக்கு ஒருமுறையாவது வெளியே எடுத்துப் படம் எடுக்கச் சொன்னேன். வெளிச்சமும் காற்றும் படும் லென்ஸில் பூசணம் அவ்வளவு எளிதில் பூப்பதில்லை.